ஒரு கோடு மழை

சேதராப்பட்டில் காலை ஷிப்ட் ஆறரைக்குத் தொடங்கிவிடும். நான் வேலை பார்க்கும் கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஏழு மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிடுவேன். முடித்த கையோடு போனை எடுப்பேன். ஓர் எண்ணைத் தேடிப் பார்ப்பேன். கூப்பிடாமல் கவிழ்த்து வைத்துவிடுவேன். இரண்டு வருடம் இதே கதையாக இருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு, நான் யாரையோ காதலித்து ஏமாந்துபோனவள் என்று ஓர் எண்ணம். அவரைத் திருத்த எனக்கு நேரமில்லை.

அந்த எண்ணை "குருவிநத்தம் டம்ளர்" என்ற பெயரில் வைத்திருக்கிறேன். அந்தப் போனுக்குச் சொந்தக்காரரான அக்கா ஒரு காலத்தில் என்னைப் "பாப்பா" என்று கூப்பிட்டார். பிறகு "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். நடுவில் நடந்தது முழுக்க என் வாயால் வந்த வினை. முப்பது தாண்டிய பொம்பளைக்கு இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வாயால் இன்னும் ஒரு தடவை "பாப்பா" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இங்கே வருவதற்கு முன்னால், பாகூரில் விவசாயிகளுக்கு ஒத்தாசை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நாலரை வருடம் இருந்தேன். சுற்றுப்பட்டில் எல்லாரும் அதை "டிரஸ்ட்டு" என்பார்கள். ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இரண்டு அறை வாடகை வீடு. ஆட்கள் மொத்தம் மூன்று பேர். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன், நான். நான் படித்தது கணிதம். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல்தான் அரியூரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். சார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நம்பரை ஒழுங்கா எழுதுவியாம்மா?" எழுதுவேன் சார் என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

டிரஸ்ட்டிடம் இருந்த பெரிய சொத்து ஓர் ஆயில் இஞ்சின். போர்வெல் போட வசதியில்லாத சின்ன விவசாயிகளின் பயிர் காயும்போது, அதை லோடு ஆட்டோவின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், குட்டையிலோ ஆற்று ஊற்றிலோ இறக்கித் தண்ணீர் பாய்ச்சிக் கொடுப்போம். ஆறு ஊருக்கு ஒரே இஞ்சின். யாருக்கு முதலில் என்பதில் வருடா வருடம் சண்டை வரும். கட்சிக்காரர் சிபாரிசு ஒரு பக்கம், கோயில்காரர் சிபாரிசு ஒரு பக்கம். கடைசியில் யார் தொண்டை பெரிசோ அவர் ஊருக்கு இஞ்சின் போகும்.

இதற்கு சார் ஒரு வழி செய்தார். ஆறு ஊரிலும் ஒவ்வொரு வீட்டு வாசலில் கம்பம் நட்டு, மழை அளக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். குழாயில் வரிசையாகக் கோடுகள். ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர். மழைமானி என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. பார்த்த முதல் நாளே ஜனங்கள் அதற்கு டம்ளர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனி தொடங்கி மார்கழி முடிய தினமும் காலை ஏழு மணிக்கு ஆறு வீட்டுக்கும் நான் போன் செய்து, டம்ளரில் எத்தனை கோடு என்று கேட்டு எழுத வேண்டும். தொடர்ந்து பத்து நாள் ஒரு கோடு கூட ஏறாத ஊர் எதுவோ, அந்த ஊருக்கு இஞ்சின்.

இந்தப் பத்து நாள் கணக்கு எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்பது சாரின் உத்தரவு. தெரிந்தால் இஞ்சினுக்காக, பெய்த மழையைக் கீழே கொட்டிவிட்டு டம்ளர் காலி என்று சொல்வார்கள் அல்லவா? அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. மனுஷ புத்தியைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

குருவிநத்தத்து டம்ளர் இந்த அக்கா வீட்டு வாசலில் இருந்தது. வீட்டுக்கு முன்னால் மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளி இருந்ததுதான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. பெண்ணை வில்லியனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். வருடம் பூராவும் அடுத்தவர் நிலத்தில் களை வெட்ட, நாற்று நட, அறுக்கப் போவார். ஆற்றோரம் மணல் கலந்த அரைக்காணிக் கொல்லை ஒன்று அவர் பேரில் இருந்தது. ஆடியில் மழையை நம்பி அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார். மற்றவர் நிலத்தில் கூலிக்காரி, அந்த அரைக்காணியில் மட்டும் அவர் சொந்தக்காரி. நடையே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் என்னை மேடம் என்றார். இரண்டாவது வாரம் என் குரல் கட்டியிருந்தது. "இன்னா பாப்பா, தொண்ட இப்டி இருக்குது? மொளகு ரசம் வெச்சிக் குடி" என்றார். அதற்கப்புறம் பாப்பாதான்.

மற்ற ஐந்து வீட்டிலும் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அக்காவை மட்டும் நான் கடைசியாகக் கூப்பிடுவேன், பேசலாம் என்பதற்காக. மூணு கோடு என்பதோடு அவர் நிறுத்த மாட்டார். "சாய்ங்காலம் பஸ்சு வர்ற நேரத்துக்குப் புடிச்சிச்சி பாப்பா. எதிர் வூட்டுக்காரி வடாம் காய வெச்சிருந்தா. அவ ஓடுன ஓட்டத்தப் பாத்து ஆடு கூட சிரிச்சிச்சி" என்பார். நான் எழுதுகிற கட்டத்தில் 3 என்ற எண்ணுக்குத்தான் இடம். ஆடு சிரித்ததை எங்கே எழுதுவது? எழுதாமல் வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

"இன்னா பாப்பா சாப்ட்ட?" என்று தினமும் கேட்பார். இட்லி என்பேன். "எத்தினி?" என்பார். பொய்யாக நாலு என்பேன். "ரெண்டுதான் துண்ணிருப்ப, எனக்குத் தெரியாது?" என்பார்.

அப்போது எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள், போனவர்கள் பதில் சொல்லவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டு வந்தால் அம்மா முதலில் கேட்பது, "அவங்க வூட்லேர்ந்து தகவல் எதுனா வந்துச்சா?" என்பதுதான். இல்ல என்பேன். சித்தி போனில் கேட்பார், இல்ல என்பேன். பெட்ரோல் பங்கில் தெரிந்த முகம் கேட்கும், இல்ல என்பேன். இதையெல்லாம் தாண்டி ஆபீஸுக்கு வந்து குருவிநத்தத்துக்குப் போன் போட்டால், அங்கே ஒரு குரல் இட்லியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

முதல் வருடம் மழை நன்றாக இருந்தது. எந்த ஊரிலும் பத்து நாள் இடைவெளி விழவில்லை. மல்லாட்டை பிடுங்கிய மறுநாள், அண்ணன் ஆட்டோவில் ஒரு மஞ்சள் பை வந்தது. வேகவைத்த மல்லாட்டை, பையைத் தாண்டிச் சுட்டது. "பாப்பாகிட்ட மட்டும் குடுன்னு சொல்லி அனுப்புச்சி. எனக்குப் பத்துதான் தேறுச்சி" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். நானும் சாரும் தரை முழுக்க ஓடு பரப்பித் தின்றோம்.

இரண்டாவது வருடம் ஆடியில் விதைக்கிற அளவுக்குப் பெய்துவிட்டு மழை நின்றுபோனது. ஆவணி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. ஐந்து ஊரிலிருந்தும் சைபர், சைபர் என்றே வந்தது. குருவிநத்தத்தில் மட்டும் தினமும் "ஒரு கோடு இருக்குது பாப்பா."

கணிதம் படித்தவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பக்கத்து ஊரில் சைபர், அங்கே மட்டும் எப்படித் தினம் தவறாமல் ஒன்று? ஆற்றங்கரை ஊர், விடியலில் தூறல் போட்டிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிடித்தவர்கள் சொல்வதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

பத்து நாள் ஆனதும் இஞ்சின் ஓர் ஊருக்குப் போனது. அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போனது. ஒருநாள் அக்கா கேட்டார். "இஞ்சினு இப்ப எந்த ஊர்ல ஓடுது பாப்பா? பூ பூத்து வுழுது எறங்குற நேரம். மண்ணு கொஞ்சம் இறுக்கமா இருக்குது."

மல்லாட்டைச் செடியில் பூ வாடியதும் அதிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால்தான் காய். மண் காய்ந்து இறுகிப்போனால் விழுது முனை கருகி வெளியிலேயே நின்றுவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் சார் உத்தரவுப்படி, "பாக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் இறுக்கமா என்றுதானே சொன்னார் என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அண்ணன் குருவிநத்தம் வழியாக வந்தார். வந்ததும் சாவியை மேசைமேல் போட்டார்.

"நீ இன்னா எழுதி வெச்சிருக்க? ஒரு கோடு, ஒரு கோடுன்னு? அங்க மண்ணு பொரியுது. ஆத்தோரம் அத்தினி கொல்லையும் படுத்துடுச்சி. ஒரு சொட்டு வுழல, ஒரு மாசமா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் எழுதிய தாள் பொய். நம்பரை ஒழுங்கா எழுதுவேன் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவள் எழுதிய தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த உச்சி வெயிலில் கிளம்பினேன். என் கோபம் மூக்கின்மேல் இருக்கும் ரகம். அன்றைக்கு அது தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

அக்கா வாசலில் சாணம் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா பாப்பா, வா வா" என்று கையைக் கழுவப் போனார். நான் நேராகக் கம்பத்துக்குப் போனேன். கம்பத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. டம்ளரைக் கழற்றிக் கவிழ்த்தேன். புழுதி விழுந்தது, செத்த எறும்பு ஒன்று விழுந்தது. ஈரம் என்று ஒன்று அதற்குள் வந்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

"எங்கக்கா ஒரு கோடு?" என்றேன்.

என் சத்தத்துக்கு எதிர் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"தினமும் ஒரு கோடு ஒரு கோடுன்னு சொன்னீங்களே, எங்க அது?"

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். "வெள்ளன எந்திரிச்சி, வெளக்கேத்திட்டு, டம்ளரு காலி, ஒண்ணுமில்லன்னு என் வாயால எப்டி பாப்பா சொல்றது? வூட்ல அரிசி தீந்துட்டா கூட இல்லன்னா சொல்றோம்? வானத்தப் பாத்து இல்ல இல்லன்னு தெனம் சொன்னா அது இல்லாமயே போய்டும். அதான் ஒரே ஒரு கோடு. அதுக்கு மேல ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்ல."

எனக்குப் புரிந்தது. இதுதான் இன்றைக்கும் என்னை அறுப்பது. புரியாமல் கத்தினேன் என்றால் கூட மன்னித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் அம்மா "நெறஞ்சி போச்சி" என்றுதான் சொல்வார். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார், குளிர வை என்பார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தெருவே நிற்க, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற அந்தக் கணக்கைப் போட்டு உடைத்தேன். பத்து நாள் காலி என்று சொல்லியிருந்தால் இஞ்சின் எப்போதோ இங்கே வந்திருக்கும், உங்கள் ஒரு கோட்டால்தான் அது அடுத்த ஊரில் ஓடுகிறது என்றேன்.

கூட்டத்தில் ஒருவர், "ஏன்க்கா, வானத்துல இல்லாத மழய நீயா டம்ளர்ல பேய வெச்ச?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவின் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரி சிரிக்கவில்லை. "உன் வாயாலதான் எங் கொல்ல காயுதா? நல்லா இருப்படி நீ" என்றாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "படிக்காதவங்க கையில டம்ளரக் குடுத்தது எங்க தப்பு" என்றேன்.

அக்கா உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை. கம்பத்தின் அடியில் கீழே வைத்துவிட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க மேடம்" என்றார்.

மூன்றாம் நாள் இஞ்சின் குருவிநத்தத்துக்குப் போனது. சாரே விதியைத் தளர்த்திக் கொடுத்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆற்று மணலில் ஊற்று தோண்டி ஹோஸ் போட்டார்கள். ஆற்றோரக் கொல்லைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. அக்காவின் அரைக்காணி ஆகக் கடைசி. ஹோஸ் அதற்கு எட்டவில்லை. எட்டின இடத்திலிருந்து அவர் குடத்தில் மொண்டு போய் மொண்டு போய் ஊற்றினார் என்று அண்ணன் சொன்னார். "நாலு பேரு கை குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். ஒருத்தரும் குடுக்கல. நீ பேசுன பேச்சு அப்பிடி." அண்ணன் என்னை நேராகத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் அவர் மல்லாட்டையில் பாதிக்கு மேல் உள்ளே பருப்பில்லாத பொக்கு. மஞ்சள் பை வரவில்லை.

ஏழு மணிப் போன் மட்டும் தொடர்ந்தது. சண்டைக்கு மறுநாள் காலையில் நான் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தார். "சைபர் மேடம்" என்றார். "சரிங்கக்கா" என்றேன். "வெச்சிடட்டுங்களா?" என்றார். அடுத்த நாளும் சைபர் மேடம். அதற்கடுத்த நாளும். என் தாள் சுத்தமானது. ஆறு ஊரின் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தன. இதைவிட ஒழுங்காக நான் எப்போதும் எழுதியதில்லை.

பேச்சை இழுக்கப் பார்த்தேன். "இன்னைக்கி என்னக்கா கொழம்பு?" என்று கேட்டேன். "வேல இருக்குதுங்க மேடம்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வாயைத் திறப்பதற்குள் அந்த வெச்சிடட்டுங்களா வந்துவிடும். அதுவும் ஒரு சாக்குத்தான். கத்துவதற்கு ஸ்கூட்டியில் போகத் தெரிந்தவளுக்கு, மன்னிப்புக் கேட்கப் போக வழி தெரியவில்லையா? வீம்பு. ஐப்பசியில் மழை கொட்டியது. "நாப்பத்திரெண்டு மேடம்" என்றார். பஸ் வந்ததா, ஆடு நனைந்ததா, யார் வடாம் போனது, ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு கோடு மழையும் வெறும் எண்ணாக வந்து என் கட்டத்தில் உட்கார்ந்தது.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் காலை, பல் விளக்கிவிட்டு வந்தேன். "தகவல் எதுனா வந்துச்சா?" என்றார் அம்மா. "இல்ல" என்றேன். சொன்ன சொல் அன்றைக்கு என் காதிலேயே விழுந்தது. துண்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை மாதப் பேச்சில் அக்கா என்னிடம் கல்யாணத்தைப் பற்றி ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கூடக் கேட்டதில்லை. இன்னா சாப்ட்ட என்றுதான் கேட்பார். இல்லை என்று நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிற எந்தக் கேள்வியையும் அவர் கேட்டதே இல்லை. வானத்துக்குக் காட்டிய அதே மரியாதையை எனக்கும் காட்டியிருக்கிறார். நான் அவரைத் தெருவில் நிறுத்தி, தினமும் காலையில் இல்லை என்று சொல்ல வைத்துவிட்டேன். அன்று ஆபீஸுக்குப் போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

அடுத்த வருடம் டிரஸ்ட்டை மூட வேண்டி வந்தது. சாருக்கு உடம்பு முடியவில்லை. ஏரிக்கரையில் தானாக மழை அளக்கும் கம்பம் ஒன்றும் வந்துவிட்டது. அதற்கு யாரும் போன் செய்ய வேண்டியதில்லை. ஆறு டம்ளர்களையும் கழற்றிக்கொண்டு வரும்படி சார் சொன்னார். ஐந்தைக் கழற்றிவிட்டு ஆறாவதற்குக் குருவிநத்தம் போனேன். அன்றாவது கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போயிருப்பதாக எதிர் வீட்டில் சொன்னார்கள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் பழசாகியிருந்தது, குங்குமம் புதுசு. டம்ளர் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அதைத் தொடாமல் திரும்பி வந்தேன். பதிவேட்டில் ஐந்துக்கு நேராக "பெறப்பட்டது" என்று எழுதினேன். ஆறாவதற்கு நேராக "உடைந்துவிட்டது" என்று எழுதினேன். சார் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் சேதராப்பட்டு. இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கேன்டீனில் இட்லி உண்டு. எத்தனை தின்றேன் என்று எண்ணத்தான் ஆள் கிடையாது.

போன சித்திரையில் ஒருநாள், கம்பெனியில் வடக்கத்தி ஆட்கள் கூண்டோடு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிரிவில் ஒருவர் கூட வரவில்லை. அந்தக் கட்டத்தில் நான் சைபர் அடிக்க வேண்டும். விரல் பட்டன் மேலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அந்த நேரத்துக்கே கண்ணைக் கூச வைத்தது. மழை என்ற பேச்சே இல்லாத மாதம். டிரஸ்ட்டு இருந்த காலத்தில் கூட டம்ளருக்கு லீவு விடுகிற மாதம். சைபரை அடித்துவிட்டுப் போனை எடுத்தேன். இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை.

ஐந்தாறு மணி அடித்தது. "யாரு?" என்றார். குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது.

"நான்தான்க்கா. டிரஸ்ட்டுல இருந்தேனே."

சேவல் ஒன்று கூவியது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அன்னைக்கி உங்க வாசல்ல நின்னு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. ரொம்பத் தப்பு. எனக்குக் கேக்கத் தைரியம் வர இவ்ளோ நாளாச்சு" என்றேன். அடுக்கி வைத்திருந்த மற்ற சொற்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வெச்சிடட்டுங்களா வந்துவிடும் என்று பயமாக இருந்தது. பயத்தில் வாய் தானாகப் பழைய கேள்வியைக் கேட்டுவிட்டது.

"டம்ளர்ல எத்தன கோடுக்கா?"

"இரு" என்றார்.

இருங்க என்று சொல்லவில்லை. போனை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. வாளி ஒன்று நகர்ந்தது. அவர் உண்மையாகவே கம்பத்துக்குப் போய்ப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்ப்பதும் தெரிந்தது. பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். ஜன்னலில் வானம், ஒரு பொட்டு மேகம் இல்லாமல், அப்படியே இருந்தது.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது.

"ஒரு கோடு இருக்குது பாப்பா" என்றார்.

எழுதிக்கொண்டேன்.